சுவரில்லாத அயல்

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன், மிசிசாகா வட்டாரங்களிலிருந்து கோடையில் கூடாரமடிக்கப் போகும் தமிழ்க் குடும்பங்களின் கவனத்துக்கு:

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் முகாம் திடல்களில் ஒரு சைட் என்பது ஆறு பேருக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்துண்டு. ஒரு மேசை, ஒரு நெருப்புக் குழி, வாகனம் நிற்க ஓர் இடம், இலக்கம் எழுதிய ஒரு கட்டை. இவ்வளவுதான் அதன் அடையாளம். வேலியும் மதிலும் கிடையாது. ஒரே குடும்பத்தார் என்றால் ஆறுக்கு மேலும் தங்கலாம். மற்றப்படி ஆறுதான் கணக்கு. தமிழ்க் குடும்பங்கள் காம்பிங் போகும் முறையோ வேறு. நாலு குடும்பம், அம்மம்மா, அப்பப்பா, ஊரிலிருந்து விசிற்றில் வந்த சித்தி, பிள்ளைகளின் சிநேகிதர் என்று இருபது பேராவது சேர்ந்தால்தான் அது பயணம். அயலவரோடு வரும் பிணக்குகளில் பெரும்பங்கு இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் பிறக்கிறது. கெட்ட எண்ணத்தால் பிறப்பவை மிகக் குறைவு.

முகாம் திடலின் அமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1920களில் கார் வைத்திருந்தவர்கள் கலிபோர்னியக் காடுகளுக்குள் நினைத்த இடம்வரை வண்டியை ஓட்டி, பிடித்த மரத்தடியில் கூடாரமடித்தார்கள். சக்கரமும் காலும் மிதித்து மண் இறுகியதில் மாபெரும் ரெட்வுட் மரங்களின் வேர்கள் கேடுறுவதை அமெரிக்க வனத்துறையின் தாவர நோயியலாளர் எமிலியோ மைனெக்கே கண்டார். 1932இல் அவர் எழுதிய கொள்கை அறிக்கை திடலின் உருவத்தையே மாற்றியது. வளைந்து செல்லும் ஒருவழிப் பாதை, அதிலிருந்து பிரியும் சிறிய நிறுத்தம், வண்டி தாண்டாதபடி பாறாங்கல்லும் மரக்கட்டையும், மேசைக்கும் அடுப்புக்கும் நிலையான இடம், சைட்டுக்கும் சைட்டுக்கும் இடையில் வெட்டாமல் விட்ட செடிகொடி ஆகியவை அவர் வகுத்தவை. இன்று வட அமெரிக்காவில் காணப்படும் பெரும்பாலான திடல்கள் அந்த வரைபடத்தின் வழிவந்தவையே. மரத்தைக் காக்கப் போட்ட எல்லை நாளடைவில் மனிதருக்கு இடையிலான எல்லையாகவும் ஆயிற்று. ஆனால் பச்சைத் திரை கண்ணை மட்டுமே மறைக்கும். காதுக்கும் மூக்குக்கும் அங்கே தடுப்பு எதுவும் இல்லை. வரிசை வீடுகளின் நடுச்சுவர்களை எல்லாம் ஒரு வார இறுதிக்குக் கழற்றி வைத்தால் எப்படியிருக்குமோ, திடல் வாழ்க்கை அப்படித்தான்.

இடம் பிடிப்பதிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. முன்பதிவு, போகும் நாளுக்கு ஐந்து மாதம் முன்னதாகக் காலை 7 மணிக்குத் திறக்கும். சாண்ட்பாங்ஸ், அல்கொன்குயின் போன்ற பூங்காக்களில் யூலை, ஓகஸ்ட் வார இறுதிகள் திறந்த கையோடு தீர்ந்துவிடுகின்றன. பக்கத்துப் பக்கத்தில் மூன்று சைட் கிடைப்பது அதிர்ஷ்டம். அது கிடைக்காத குடும்பங்கள் கிடைத்த ஒன்றையே நடுமுற்றமாக்கி எல்லோரும் அங்கே கூடுகிறார்கள். இருபது மடிப்புக் கதிரைகள், ஐந்து வாகனங்கள், இரண்டு பெரிய பந்தல்கள் வந்து இறங்கினதும் ஆறு பேருக்கான நிலம் வழிந்து வீதிக்கும் பக்கத்துச் செடிக்கும் பரவுகிறது. ஒரு சைட்டில் மூன்று கூடாரங்களுக்கு மேல் கூடாது. சாப்பாட்டுப் பந்தலும் அந்த மூன்றில் அடக்கம். மேலதிக வாகனத்துக்குத் தனிப் பெர்மிட் எடுக்க வேண்டும். சைட்டில் அதற்கு இடமில்லையென்றால் அதற்குரிய தரிப்பிடத்தில் விட வேண்டும். வீதியோரம் நிறுத்தும் வான் அயலவரின் ட்ரெய்லருக்கு மட்டும் இடைஞ்சல் அல்ல. நெருப்புப் பிடித்தால் தீயணைப்பு வண்டி வரவேண்டிய வழியும் அதுதான். பகலில் பார்க்க வரும் உறவினர் நாள் பெர்மிட்டோடு வரலாம். இரவு 10 மணிக்கு அவர்கள் வெளியேறியாக வேண்டும், ஏனெனில் அதற்குப் பிறகு பதிவுசெய்து தங்குவோருக்கு மட்டுமே பூங்காவில் இடம். அந்த நேரத்தில் ‘இன்னும் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போங்கோ’ என்று மறிக்கும் விருந்தோம்பல்தான் பூங்கா வார்டன் வருவதற்குப் பல வேளை காரணமாகிறது.

இதற்கு ஒழுங்கான தீர்வு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பல பூங்காக்களில் பெருங்கூட்டத்துக்கென்றே குழுத் திடல்கள் உண்டு. அல்கொன்குயினில் வைற்ஃபிஷ் ஏரிக்கரையில் ஒன்று இருக்கிறது. அவை தனிக் குடும்பங்கள் தங்கும் வளையங்களிலிருந்து விலகியிருக்கும். அங்கே இருபது பேர் ஒன்றாகச் சமைப்பதும் சாப்பிடுவதும் விதிமீறல் அல்ல; இடமே அதற்காகத்தான். கோயில் திருவிழாவுக்கும் ஊர்ச் சங்க ஒன்றுகூடலுக்கும் மாதக் கணக்கில் முன்கூட்டித் திட்டமிடத் தெரிந்த சமூகம் இந்தத் திடல்களைப் போதியளவு பயன்படுத்தாமல் இருப்பது விநோதம். கூட்டமாய்ப் போவதை விட்டுவிடச் சொல்லும் அறிவுரையை விட, கூட்டத்துக்கேற்ற இடத்தை எடுப்பதே நடைமுறைக்கு ஒத்தது. அது எல்லோருக்கும் கௌரவமானதும் கூட.

அயலில் சண்டை மூட்டுவதில் சத்தத்துக்கே முதலிடம். இரவு குறித்த நேரத்துக்குப் பிறகுதான் சத்தம் போடக் கூடாது, அதுவரை எதுவும் செய்யலாம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஒன்ராறியோ விதி அப்படிச் சொல்லவில்லை. பகலோ இரவோ, எந்நேரத்திலும் பிறரைக் குழப்பும் அளவுக்கு மிஞ்சிய சத்தம் அங்கே தடை. இரவில் அதை இன்னும் கண்டிப்பாகப் பார்ப்பதற்கு இயற்பியலும் ஒரு காரணம். வெயில் வேளையில் நிலத்தையொட்டிய காற்று சூடாகவும் மேற்காற்று குளிராகவும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். பொழுது சாய்ந்ததும் நிலைமை தலைகீழ். குளிர்ந்த காற்று நிலத்திலும் ஏரியிலும் படிய, மேலே தப்பிப் போகவேண்டிய ஒலி கீழே வளைந்து திரும்புகிறது. தண்ணீர்ப் பரப்பில் அதைத் தடுக்க ஒரு புதரும் இல்லை. பின்னேரம் 4 மணிக்குப் பக்கத்துச் சைட்டை எட்டாத பேச்சு இரவு 11 மணிக்கு ஏரியின் அக்கரையில் கேட்கக்கூடும்.

மரங்கள் சத்தத்தை மறைத்துவிடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. இலைகளும் கிளைகளும் கீச்சொலியை ஓரளவு சிதறடிக்கும். தாழ்ந்த அதிர்வொலி அவற்றைப் பொருட்படுத்தாது. ஸ்பீக்கரிலிருந்து பாட்டின் சொல்லும் மெட்டும் வழியிலேயே தேய்ந்துபோக, தாளத்தின் அடி மட்டும் காட்டுக்குள் தூரம் போகும். பாட்டுப் போட்டவருக்கு அது இளையராஜா. நாலு சைட் தள்ளிப் படுத்திருப்பவருக்கு வெறும் இடி. ‘மெதுவாகத்தானே போட்டோம்’ என்ற வியப்புக்கும் ‘நித்திரையே இல்லை’ என்ற முறைப்பாட்டுக்கும் இடையிலுள்ள தூரம் இதுவே. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. ஸ்பீக்கரின் ஒலியைக் குறைப்பதோடு அதன் பாஸையும் இறக்கினால் பாதிச் சண்டை வராமலே போகும். சில பூங்காக்களில் ஒலிக்கருவிகளுக்கே இடமில்லாத பகுதிகள் தனியாக உள்ளன. அங்கே எந்த நேரத்திலும், எவ்வளவு மெதுவாகவும், பாட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. பதிவு செய்யும்போது அந்தக் குறிப்பைப் படிக்காமல் போய்ச் சேருபவர்கள்தான் அங்கே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாட்டை விடத் தொல்லையானது பேச்சு. அது நிற்பதில்லை. நெருப்பைச் சுற்றி அமர்ந்ததும் குரல் தானாக உயர்கிறது. 304 சீட்டாட்டம் சூடுபிடித்தால் துரும்பு விழும் ஒவ்வொரு தடவையும் மேசை அதிரும். ஆட்டத்தைக் கூடாரத்துக்குள் கொண்டுபோனால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. கூடாரத் துணி மழையைத் தடுக்கும், ஒலியைத் தடுப்பதில்லை. உள்ளே கதைப்பது வெளியே கதைப்பது போலவே கேட்கும். உள்ளே இருப்பவருக்கு மட்டும் அறைக்குள் இருப்பதாக ஒரு மயக்கம். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பத்து மணிக்கு ‘சரி, இனிக் காணும்’ என்று சொல்வதைப் போலப் பலன் தரும் வழி வேறில்லை. வார்டன் சொல்லி அடங்குவதை விட மாமா சொல்லி அடங்குவது மரியாதை. கைக்குழந்தையின் அழுகையை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அதற்காக நடுச்சாமத்தில் வெட்கப்பட்டுக் காருக்குள் போய் உட்காரும் இளம் தாய்மார் அப்படிச் செய்யத் தேவையில்லை.

அமைதியை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறார்கள் என்பதற்கு அல்கொன்குயினில் ஒரு விடை உண்டு. 1963 ஓகஸ்டில் அந்தப் பூங்காவின் இயற்கை விளக்குநர்கள் பொதுமக்களை அழைத்து ஓநாய்களின் ஊளையைக் கேட்கச் செய்தார்கள். அது வழக்கமாகி, ஓநாய்கள் 60ஆம் நெடுஞ்சாலையின் அருகே இருக்கும் ஓகஸ்ட் மாத வியாழக்கிழமைகளில் நடந்துவருகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வரிசையாகக் கார்களை நிறுத்தி, கதவைக்கூட அடிக்காமல், இருட்டில் மூச்சடக்கி நிற்பார்கள். விளக்குநர்கள் ஊளையிட, காட்டுக்குள்ளிருந்து மறுமொழி வரலாம், வராமலும் போகலாம். அதற்காகவே மூன்று நான்கு மணிநேரம் காரோட்டி வருபவர்கள் பக்கத்துச் சைட்டில் இருக்கக்கூடும். அவர்களுக்கு அங்கே அமைதிதான் காட்சி.

இரவில் வந்து சேருவது தனிப் பிரச்சினை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, 400ஆம் நெடுஞ்சாலையின் நெரிசலில் ஊர்ந்து, பூங்கா வாசலை அடையும்போது 10 மணி தாண்டிவிடுகிறது. அதற்குப் பிறகு காரின் முன்விளக்கை எரியவிட்டு, ஆணி அடித்து, ‘அந்தக் கம்பி எங்கை, இந்தக் கம்பி எங்கை’ என்று கூடாரம் எழுப்புவது வளையத்திலுள்ள அனைவரையும் விழிக்க வைக்கும். பழகிய குடும்பங்கள் இதற்குச் சில வழிகள் வைத்திருக்கின்றன. சாப்பாட்டை வழியிலேயே முடித்துவிடுவார்கள். அன்றிரவு படுக்கிற கூடாரத்தை மட்டும் எழுப்பி, பந்தலையும் சமையல் சாமானையும் விடிந்த பிறகு இறக்குவார்கள். தலைவிளக்கைச் சிவப்பு வெளிச்சத்தில் வைப்பார்கள். எல்லாவற்றிலும் கேவலமான சிறு குற்றம் காரைத் தொலைவிலிருந்து பூட்டும்போது அது எழுப்பும் ‘பீப்’. ஒரு கூட்டம் ஐந்து கார்களைத் திறந்து திறந்து பூட்டினால் அந்த ஓசை அயலாரின் நரம்பில் போய்த் தைக்கும். சாவியைக் கையால் திருகிப் பூட்டினால் அந்தக் குற்றம் இல்லை.

வெளிச்சமும் எல்லை தாண்டும் பொருள்தான். மரத்தில் உயரக் கட்டிய எல்ஈடி விளக்கு சொந்த மேசையை விடப் பக்கத்துக் கூடாரத்தின் சுவரையே நன்றாக ஒளியூட்டும். விளக்கை இடுப்பளவு உயரத்தில், கீழ்நோக்கி வைத்தால் சமையலுக்கும் அது போதும். வான்வெள்ளி பார்க்க வந்தவர்களும் பிழைப்பார்கள்.

காணாத எல்லையை மதிப்பதில்தான் புதிதாய்ப் போகிறவர்கள் அறியாமல் தவறுகிறார்கள். ஒருவர் பெர்மிட் எடுத்த சைட் அவர் தங்கும் நாள்வரை அவருடைய வீட்டுக்குச் சமம். கழிப்பறைக்குக் குறுக்குவழி என்று அதனூடே நடப்பது முன்பின் தெரியாதவரின் வரவேற்பறை வழியாக நடப்பதற்கு ஒப்பு. பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சைக்கிளும் பந்தும் வீதிவளையத்தோடு நிற்கட்டும். பக்கத்துச் சைட் காலியாகத் தெரிந்தாலும் மாலைக்குள் யாரோ வருவார்கள். அங்கே கிரிக்கெட் மட்டையும் கதிரையும் பரப்பி வைப்பதோ, விறகு பொறுக்குவதோ, மரத்துக்கு மரம் கயிறு கட்டி ஈரத் துவாய் காயப்போடுவதோ வருபவருக்கு முதல் கசப்பு. மரத்தில் ஆணி அடிப்பதும் உயிருள்ள கிளையை வெட்டுவதும் சொந்தச் சைட்டிலும் குற்றம்.

சமையலுக்கு வந்தால், கறி மணத்துக்காக எந்தத் தமிழ்க் குடும்பமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. பன்றி இறைச்சி வாட்டும் புகை எல்லை தாண்டலாம் என்றால் ஆட்டிறைச்சிக் கறியின் வாசமும் தாண்டலாம். தட்டில் ஒரு கரண்டி கொத்து ரொட்டி பக்கத்துச் சைட்டுக்குப் போய், அங்கிருந்து மார்ஷ்மெல்லோ திரும்பி வந்து, பிள்ளைகள் விளையாடச் சேர்ந்த கதைகள் ஏராளம். சிக்கல் சமைப்பதில் இல்லை. சமைத்த பிறகு மிஞ்சுவதில் இருக்கிறது. ஒன்ராறியோவின் பல பூங்காக்கள் கருங்கரடியின் வாழிடம். ரக்கூனோ எல்லா இடத்திலும் உண்டு. ஆளில்லாத போதும் உறங்கும்போதும் உணவு, குளிர்ப்பெட்டி, அடுப்பு, எண்ணெய்ப் போத்தல், குப்பைப் பை, பற்பசை, சவர்க்காரம் எதுவும் வெளியே இருக்கக் கூடாது என்பது விதி. எல்லாம் வாகனத்துக்குள் போக வேண்டும். கூடாரத்துக்குள் ஒருபோதும் அல்ல. ஐந்து கிலோ சோற்றுப் பானையை ‘காலையில் பழஞ்சோறு’ என்று மேசையில் மூடி வைப்பது இந்த விதியை உடைக்கும் மிகப் பழக்கமான வழி.

மூடியை ரக்கூன் திறந்துவிடும் என்பது சிறிய நட்டம். பெரிய நட்டம் வேறு. ஒரு சைட்டில் உணவு கிடைத்த கரடி மறுநாளும் வரும். பக்கத்துச் சைட்டுகளையும் பார்க்கும். மனிதரிடமிருந்து உணவு பெறப் பழகிய கரடியை வேறு காட்டில் கொண்டுபோய் விட்டாலும் அது பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். கடைசியில் அதைக் கொல்லும் நிலை வரும். சோற்றையும் எலும்பையும் நெருப்புக் குழியில் கொட்டி எரித்துவிட்டதாக நினைப்பதும் இதே வகை. ஈரச் சோறு முழுதாக எரியாது. அதன் மணத்தைத் தேடி விலங்கு வரும்போது கொட்டியவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்; சைட்டில் படுத்திருப்பது வேறு யாரோவின் பிள்ளை. அயலவர் என்பது பக்கத்தில் இருப்பவர் மட்டுமில்லை, நாளைக்கு அதே மண்ணில் கூடாரமடிப்பவரும்தான்.

பொதுக் குழாயடியில் பானை கழுவுவதும் தடை. அந்தக் குழாயிலிருந்துதான் எல்லோரும் குடிக்கத் தண்ணீர் எடுக்கிறார்கள். அதன் கீழே எண்ணெய்ப் படலமும் கறிவேப்பிலையும் கிடந்தால் கோபம் வருவது இயல்பு. தண்ணீரைச் சைட்டுக்குக் கொண்டுவந்து வாளியில் கழுவி, எச்சத்தை வடித்துக் குப்பையில் போட்டு, கழுவிய நீரை அதற்குரிய இடத்தில் ஊற்ற வேண்டும். பொரித்த எண்ணெயைப் போத்தலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

நெருப்பில் இரண்டு விஷயம். ஈர விறகு எரிவதில்லை, புகைகிறது. அந்தப் புகை காற்று போகிற பக்கத்துச் சைட்டின் மேல் மணிக்கணக்கில் படியும். பிளாஸ்ரிக் தட்டும் நுரைக் கோப்பையும் குழிக்குள் போவது அதை விடக் கொடியது. காய்ந்த விறகு, சிறிய நெருப்பு, அதுவும் குழிக்குள் மட்டும். இரண்டாவது விஷயம் விறகு எங்கிருந்து வருகிறது என்பது. எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு ஆசியாவிலிருந்து வந்தது. 2002இல் டெட்ராயிட்டிலும் வின்சரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்குக் கீழே துளைத்து ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது. வண்டு தானாகப் பறக்கும் தூரம் கொஞ்சம்தான். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அதைக் கொண்டு சேர்த்ததில் காம்பிங்குக்குப் போன கார்களின் விறகுக்கும் பங்குண்டு. வீட்டுப் பின்வளவில் வெட்டிய மரத்தை ‘சும்மா கிடக்குதே’ என்று ஏற்றிக்கொண்டு போகும் சிக்கனம் இங்கே பொருந்தாது. பூங்காவில் விற்கும் விறகு விலை கூடத்தான். ஆனாலும் அதைத்தான் வாங்க வேண்டும்.

நாய் இரண்டு மீற்றருக்கு மேற்படாத வாரில் இருக்க வேண்டும். மதுபானம் 19 வயது நிரம்பியவர்கள் பதிவுசெய்த சைட்டில் குடிக்கலாம். கடற்கரை போன்ற ஏரிக்கரையிலும் நடைபாதையிலும் திறந்த போத்தலோடு போகக் கூடாது. மே மாத விக்ரோரியா தின நீண்ட வார இறுதியை ஒட்டிச் சில பூங்காக்களில் முன்பு இருந்த முழு மதுத் தடை 2019இல் நீக்கப்பட்டது. குளியலறையில் வரிசை நீளும்போது மணிக்கணக்கில் முழுகுவதும் முகம் பார்ப்பதும் வேண்டாம். இவை பற்றி இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அயலவரால் தொல்லை என்றால் என்ன செய்வது என்பது கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டிய விஷயம். தமிழர்கள்தான் சத்தம் போடுகிறார்கள் என்பதில்லை. விடியற்காலை ஜெனரேட்டரை ஓடவிடும் ட்ரெய்லர்காரரும், போத்தல் உடைக்கும் கல்லூரிக் கூட்டமும் எல்லாத் திடலிலும் உண்டு. முதலில் நேரில், வெளிச்சத்தில், ஒருவரோ இருவரோ மட்டும் போய்ப் பெயர் சொல்லி அறிமுகமாகிக் கதைப்பது நல்லது. வந்த அன்றே ஒரு ‘ஹலோ’ சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு இன்னும் இலகு. நடுச்சாமத்தில் ஏழெட்டு ஆண்கள் சேர்ந்து போய் நின்றால் அது முறையீடாகத் தெரியாது. குடித்திருப்பவரோடு வாதிடுவதில் எந்தப் பயனும் இல்லை. அந்த நிலையில் சைட் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பூங்கா அலுவலகத்தை அழைப்பதே சரி. பூங்காவின் எல்லைக்குள் வார்டனுக்கு ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ் உத்தியோகத்தருக்குரிய அதிகாரங்கள் உண்டு. அபராதம் விதிக்கலாம், சைட்டில் உள்ளவர்களை வெளியேற்றலாம். வெளியேற்றப்பட்டவர் 72 மணித்தியாலங்களுக்கு மாகாணத்தின் எந்தப் பூங்காவுக்குள்ளும் நுழைய முடியாது. பெர்மிட்டில் பெயர் உள்ளவரே சைட்டில் நடப்பதற்கெல்லாம் பொறுப்பு என்பதால், மச்சானின் சிநேகிதர் செய்யும் கூத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

சில முறைப்பாடுகள் சத்தத்தைப் பற்றியவையே அல்ல என்பதும் உண்மை. பகல் 3 மணிக்கு மெதுவாகப் பேசிச் சமைக்கும் குடும்பத்தை நோக்கி ‘இங்கே உங்களுக்கு என்ன வேலை’ என்ற தொனியில் ஒரு குரல் வரலாம். அது ஒழுக்க விதியைப் பற்றிய பேச்சில்லை, இனவெறுப்பு. அதற்கு அடங்கிப் போகவும் தேவையில்லை, எதிர்த்துக் கத்தவும் தேவையில்லை. நேரம், இலக்கம், சொன்ன சொல் ஆகியவற்றை எழுதிவைத்து வார்டனிடம் முறையிடுவது பெர்மிட் எடுத்த எவருக்கும் உரிய உரிமை. முன்னிரவில் தன் பக்கம் விதி சரியாக இருந்த குடும்பத்துக்கு அந்த முறைப்பாட்டில் பலம் கூடும்.

புறப்படும் நாளில் சைட்டைப் பிற்பகல் 2 மணிக்குள் விட வேண்டும். அடுத்தவர் அதே நேரத்தில் உள்ளே வருவார். பந்தலை மடிக்கும் அவசரத்தில் மறக்கப்படுபவை எப்போதும் ஒரே மாதிரியானவை: மண்ணில் புதைந்த கூடார ஆணிகள், மரத்தில் தொங்கும் கயிற்றுத் துண்டு, மேசைக்கு அடியில் சிந்திய சோறு, பிள்ளைகள் எறிந்த மிட்டாய்க் கடதாசி. மேசைப் பலகையில் மஞ்சள் கறை பிடித்தால் போகாது. முதல் நாளே விரிப்புப் போட்டிருந்தால் அந்தக் கவலை இல்லை. சாம்பலில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துச் சூடில்லை என்று உறுதிசெய்த பிறகே கிளம்ப வேண்டும். மிஞ்சிய விறகைக் காரில் ஏற்றாமல் நெருப்புக் குழிக்கு அருகில் அடுக்கி வைத்துவிட்டுப் போவது திடல்களில் பலரும் கைக்கொள்ளும் வழக்கம். குப்பையைப் பூங்காவின் சேகரிப்பு இடத்தில் போட்டுவிட்டு, வாசலில் பெர்மிட்டைக் காட்டச் சொன்னால் காட்டிவிட்டு வெளியேறலாம்.